பன்னிரண்டு பஞ்சமமும் ஏழு ஸ்தாயியும்

(இராமநாதபுரத்தில் இசை ஆர்வலர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். நாதஸ்வரக்காரர்கள் வந்திருக்கிறீர்கள். ஓரியூர்ப் பக்கம் பாடற்குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கிறவர்களும், கீழக்கரையிலிருந்து ஆர்மோனியத்தோடு பாடுகிறவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் எல்லாருக்கும் பொதுவான ஒரு தொல்லையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்: பஞ்சமக் கணக்கும் ஸ்தாயிக் கணக்கும் ஒன்றோடொன்று ஒட்டாத தொல்லை.

கணக்குக்கு வசதியாக, சட்ஜம், அதாவது ‘ச’, விநாடிக்கு 240 அதிர்வு என்று வைத்துக்கொள்வோம். பஞ்சமம், அதாவது ‘ப’, அதில் ஒன்றரை மடங்கு, 360. அந்தப் பஞ்சமத்தைச் சட்ஜமாக்கி அதற்கொரு பஞ்சமம், மறுபடி அதற்கொன்று என்று 12 முறை ஏறினால், பன்னிரண்டு சுரஸ்தானங்களையும் தொட்டுவிட்டுச் சட்ஜத்துக்கே வந்துவிடுகிறோம். பழந்தமிழில் குரல் என்ற சட்ஜத்துக்கு இளி என்ற பஞ்சமம், அந்த இளிக்கு இளி என்று போகிற வழி இதுதான். சரி, ஒரு ஸ்தாயி இறங்கினால் அதிர்வு பாதியாகும்; இப்போது 7 ஸ்தாயி இறங்கிப் பாருங்கள். 240 வராது. 243.3 வரும்!

இந்த மிச்சம் ஏறக்குறைய 23.5 சென்ட். ஒரு ஸ்தாயியை 1200 சமபங்காக்கினால் ஒரு பங்கு ஒரு சென்ட். 19-ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டர் எல்லிஸ் கொண்டுவந்த அளவு. யார் காதிலும் கோளாறில்லை. மூன்றை மூன்றால் எத்தனை முறை பெருக்கினாலும் ஒற்றைப்படை எண்தான். இரண்டை இரண்டால் பெருக்கினால் இரட்டைப்படைதான். பஞ்சமம் மூன்றின் பிள்ளை, ஸ்தாயி இரண்டின் பிள்ளை. சந்திக்கவே மாட்டார்கள்.

பிறை பார்க்கிற ஊருக்கு இது புதிதா என்ன? 12 பிறை சேர்ந்தால் 354 நாள். சூரிய ஆண்டுக்கு 11 நாள் குறைகிறது. அதனால்தான் நோன்பு வருஷா வருஷம் முன்னால் நகர்கிறது. சந்திரமானப் பஞ்சாங்கமோ அதிக மாதம் போட்டுச் சரிக்கட்டுகிறது. 19 ஆண்டில் 235 பிறை என்றால் கணக்கு கிட்டத்தட்ட ஒட்டிவிடும். இசையிலும் அப்படி ஓரிடம் உண்டு: 53 பஞ்சமம் ஏறினால் 31 ஸ்தாயிக்கு வெறும் 3.6 சென்ட் தள்ளி நிற்போம். கி.மு. முதல் நூற்றாண்டிலேயே சீனாவின் ஜிங் ஃபாங் இதைக் கவனித்துவிட்டார். ஆனால் ஸ்தாயிக்கு 53 கட்டை வைத்த ஆர்மோனியத்தை யார் தூக்கிச் சுமப்பது?

ஆகவே ஆர்மோனியம் வேறு வழியில் போனது. மிச்சத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பஞ்சமத்திலும் 2 சென்ட் சுரண்டியாயிற்று. இந்தச் சமப்பங்கீட்டைச் சீன இளவரசர் ஜூ ஜாய்யூ 1584-லேயே கணக்கிட்டுவிட்டார். பஞ்சமத்துக்குப் பெரிய சேதமில்லை: 360-க்குப் பதில் 359.6. சட்ஜத்தோடு சேர்த்துப் பிடித்தால் விநாடிக்கு ஒரு தடவைகூட முழுதாக அலையாது.

அடி விழுவது அந்தர காந்தாரத்துக்கு, சங்கராபரணத்தில் வரும் ‘க’வுக்கு. தம்புராவை நன்றாகச் சுருதி சேர்த்து மீட்டினால் யாரும் தொடாமலே ஒரு காந்தாரம் எழும்பும், கேட்டிருப்பீர்கள். சட்ஜத்துக்கு ஒன்றேகால் மடங்கு, 300 அதிர்வு. கட்டையில் அது 302.4, அதாவது 14 சென்ட் கூட. அந்தக் கட்டையைச் சட்ஜத்தோடு சேர்த்துப் பிடித்தால் விநாடிக்கு ஒன்பது, பத்து தடவை அதிரும். அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை ஒதுக்கியபோது சொன்ன குறைகளில், இது ஒன்றை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை. சுரத்தை அசைத்துப் பாடுகிற கமகம் அதில் வராது என்பது வேறு சண்டை. தோடி காந்தாரத்தை எந்தச் சென்ட்டில் ஆணியடிப்பது?

இசை ஆராய்ச்சியாளர் ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் கருணாமிர்த சாகரம் என்ற நூலில், ஒரு ஸ்தாயிக்குள் இருக்கும் சுருதி என்ற நுண்பிரிவுகள் 22 அல்ல, சமமான 24 என்று வாதாடினார். அவர் உழைப்புக்கு முன்னால் கைகூப்பத்தான் தோன்றுகிறது. ஆனால் 24-ஆக வெட்டினாலும் காந்தாரம் அதே 400 சென்ட்டில்தான் விழும். தம்புரா காந்தாரம் நிற்கிற 386-க்கு ஒரு அடிகூட நகராது. சிலப்பதிகார உரையில் வரும் 4, 4, 3, 2, 4, 3, 2 என்ற 22 அலகுப் பங்கீட்டில் அடிகள் சமமா இல்லையா என்பதற்கு இன்னும் அடிதடிதான். அதற்குள் இன்று போகவேண்டாம்.

கீபோர்டுக்காரர்கள் ஒன்று செய்யலாம். பல கருவிகளில் ஒவ்வொரு சுரத்தையும் சென்ட் கணக்கில் நகர்த்த வசதி இருக்கிறது. காந்தாரத்தை 14, தைவதத்தை 16 இறக்கி, ரிஷபத்தை 4 ஏற்றிச் சங்கராபரணம் பாடிப் பாருங்கள், இழையும். அப்புறம் அதே கட்டைகளில் ரிஷபத்தைச் சட்ஜமாக்கிக் கரகரப்பிரியாவுக்குப் போனால், அந்தத் தைவதம்தான் உங்கள் பஞ்சமம். அது 22 சென்ட் குறைந்து தேம்பும். இருபத்திரண்டு சுருதிப் பட்டியலில் சதுஸ்ருதி தைவதத்துக்கு 5/3, 27/16 என்று இரண்டு இடம் போட்டிருப்பது இதற்காகத்தான். கட்டையில் இடம் ஒன்றுதானே? இப்படிச் சட்ஜத்தை மாற்றி வேறு ராகத்துக்குப் போகும் சுருதிபேதம் செய்கிற நாளில் பழைய சமப்பங்கீட்டுக்கே மாற்றிவிடுங்கள்.