சின்னவனுக்கு எந்தப் பேச்சுச் செயலி? பூட்டுப் போட்ட இலவசமும் எங்கள் வீட்டு லான்ட்மாஸ்டரும்

வணக்கம் உறவுகளே. இன்றைக்குத் தோட்டமும் இல்லை, சமையலும் இல்லை. பேச்சு வரச் சிரமப்படும் என் சின்னவனுக்குப் போனில் பேச்சுச் செயலி தேடுவதைப் பற்றித் தனியாக ஒரு காணொளி போடும்படி பலர் கேட்டிருந்தீர்கள். ஆறுதலாகச் செய்யலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று இரவு ஒரு செயலி செய்த வேலையைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

‘இலவசம்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். திறந்தால் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை வாயை அகலத் திறந்து மாட்டைப் போலக் கத்துகிறது. நம்முடைய பிள்ளை அதைப் பார்த்துத் தானும் செய்ய வேண்டும். முறை நல்ல முறைதான், குறை சொல்லமாட்டேன். சின்னவனும் உதட்டை இறுக்கி மூடி ‘ம்’ என்று தொடங்கினான். அடுத்த படத்துக்குப் போனால் பூட்டு! வங்கி அட்டை இலக்கத்தைக் கொடுத்தால் ஏழு நாட்கள் இலவசமாம். அது முடிந்ததும் ஓர் ஆண்டுக்குரிய சந்தா முழுவதையும் ஒரேயடியாக எடுத்துக்கொள்வார்களாம். அந்த விலையை எங்கே எழுதியிருந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? திரையின் அடியில், சாம்பல் நிறத்தில், எறும்பு அளவு எழுத்தில், அதுவும் டொலரில். விலை கேட்காமல் ஒரு கட்டுக் கீரைகூட வாங்காதவள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளைக்கு ஆசை காட்டிவிட்டுத் தாயிடம் காசு கேட்கும் இந்த வியாபாரம் எனக்கு அறவே பிடிக்காது.

ஆனாலும் நான் விடவில்லை. கணவரின் அட்டையைக் கொடுத்துத் திறந்தேன்; திறந்த கையோடு பிளே ஸ்டோருக்குள் போய்ச் சந்தாவை ரத்துச் செய்தேன். ரத்துச் செய்த பிறகும் ஏழு நாட்களுக்கும் செயலி திறந்தே இருக்கும், ஒரு சதமும் போகாது. இதைச் சொல்லும்போது எனக்கு வருகிற சந்தோசத்தை நீங்கள் மன்னிக்க வேண்டும். ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: செயலியைப் போனிலிருந்து அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள், அது நிற்காது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, சந்தாக்கள் என்ற இடத்துக்குப் போய்த்தான் நிறுத்த வேண்டும். காசு போய்விட்டாலும் 48 மணித்தியாலத்துக்குள் கூகுளிடம் திருப்பிக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒன்றைச் சொல்லாமல் வந்துவிட்டேன். சின்னவனுக்கு நான்கு வயது. நாம் சொல்வதெல்லாம் அவனுக்கு விளங்கும். சொல்ல நினைப்பதும் அவனுக்குத் தெரியும். நாக்கும் உதடும் எந்த ஒழுங்கில் அசைய வேண்டும் என்று மூளை திட்டமிடுவதில்தான் சிக்கல். அப்ராக்சியா என்று பேச்சுச் சிகிச்சையாளர் சொன்னார். அதனால் ஒரே சொல் ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வரும். இந்தக் குறைபாட்டுக்குக் கொஞ்ச நேரமாக, ஆனால் அடிக்கடி, திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்குவதுதான் வழி. ஒரு கிளினிக்குக்கும் அடுத்த கிளினிக்குக்கும் இடையில் வாரங்கள் ஓடிவிடுகின்றன. தமிழில் பேசும் சிகிச்சையாளர்கள் குறைவு, ஏ9 வீதியில் பேருந்துப் பயணமும் சின்னவனுக்கு ஒத்துவருவதில்லை. அந்த இடைவெளிக்குத்தான் செயலி தேடுகிறேனே தவிர, சிகிச்சையாளருக்குப் பதிலாக அல்ல.

தேடப் போனால் இரண்டு சாதி செயலிகள் இருக்கின்றன. ஒன்று, பிள்ளையைப் பேசப் பழக்குவது. மற்றது, பிள்ளை படத்தைத் தொட்டால் அவனுக்காகப் பேசுவது. இரண்டாவதில் உலகம் முழுவதும் பெயர் பெற்றது நெதர்லாந்துக்காரரின் புரொலொக்வோ டூ கோ. கனடாவில் இருக்கும் என் மைத்துனி அதைத்தான் வாங்கித் தருகிறேன் என்று நின்றார். அப்போது அதன் விலை 249.99 அமெரிக்க டொலர், டொலரை 300 ரூபா என்று வைத்தாலும் எழுபத்தையாயிரம் ரூபா. அதற்கு மேல் ஐபேடோ ஐபோனோ வேண்டும், ஏனென்றால் அன்ட்ரொயிடில் அது ஓடாது. இவ்வளவும் கொடுத்த பிறகு அதில் தமிழ் இல்லை. “மச்சாள், அந்தக் காசுக்கு நான் ஒரு பசு மாடு பார்ப்பேன்” என்று சொல்லிவிட்டேன்.

தமிழ் இருக்கும் செயலி என்றால் சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய ஆவாஸ் இருக்கிறது. லெட்மீடோக் என்ற அன்ட்ரொயிட் செயலி இலவசமானது, இணையம் இல்லாமலே இயங்குவது. நம்முடைய பக்கத்தில் சிக்னல் போய் வருவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. டேட்டாவை அணைத்துவிட்டுத் திறந்து பார்க்காமல் நான் எந்தச் செயலியையும் நம்புவதில்லை. லெட்மீடோக்கில் வரும் படங்கள் ஸ்பெயினின் அரகோன் அரசினுடைய அராசாக் என்ற தொகுப்பைச் சேர்ந்தவை. அவற்றை இலவசமாக இறக்கி, அச்சடித்து, லமினேட் பண்ணிச் சுவரில் ஒட்டலாம். மின்சாரம் போன நாளில் அதுதான் கைகொடுக்கும்.

இப்போது என்னுடைய முதல் நிபந்தனைக்கு வருகிறேன். நம்முடைய சொந்தக் குரலைப் பதிவு செய்ய இடம் தராத பேசும் செயலி எனக்கு வேண்டாம். நான் செய்தி வாசிப்பவரைப் போலப் பேசுகிறேன் என்று நீங்கள் கேலி செய்வீர்கள். ஒரு செயலியின் இயந்திரக் குரல் என்னையும் மிஞ்சிவிட்டது. சின்னவன் கோப்பைப் படத்தைத் தொட்டதும் “எனக்குத் தண்ணீர் வேண்டும்” என்றது. அவன் திரும்பி யார் வந்திருக்கிறார்கள் என்று வாசலைப் பார்த்தான். எங்கள் வீட்டில் யார் அப்படித் தண்ணீர் கேட்கிறார்கள்? சீபோர்ட் என்ற பேசும் படப் பலகைச் செயலியில் ஒவ்வொரு படத்துக்கும் நம் குரலைப் பதியலாம், நாம் எடுத்த புகைப்படத்தையும் வைக்கலாம். அம்மம்மா “தண்ணி தாங்கோ” என்று சொல்லிப் பதிந்தார். பின்னணியில் கோழி கொக்கரிப்பதும் கேட்கும். அதை நான் அழிக்கவில்லை.

படங்களும் அப்படித்தான். பனி மனிதனையும் பூசணி விளக்கையும் வைத்துக்கொண்டு கிளிநொச்சி வட்டக்கச்சியில் பிறந்த பிள்ளை என்ன செய்வான்? பக்கத்து வீட்டு மாமாவின் லான்ட்மாஸ்டரை, அதுதான் இரண்டு சக்கர உழவு இயந்திரத்தை, படம் எடுத்துப் போட்டேன். அதை அவன் தொட்டுத் தொட்டுக் கேட்டான்; பிறகு உதடு இடம் தேடியது, ‘மாத்தா’ என்று வந்தது. மாலையில் அதே லான்ட்மாஸ்டர் படலையடியில் வந்து நின்றபோது ‘பாமா’ என்றான். சொல் மாறினாலும் விரல் மட்டும் சரியான படத்துக்கே போனது. மாமாவுக்கு அன்று முழுவதும் பெருமை. எனக்குச் சொல்லவே வேண்டாம்.

பெட்டி பேசினால் பிள்ளை பேசமாட்டான் என்று சொந்தக்காரர் பயமுறுத்துகிறார்கள். 2006 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், நம்பகமான சான்று இருந்த 27 பேரில் ஒருவருக்குக்கூட இத்தகைய உதவியால் பேச்சு குறையவில்லை. 89 வீதமானோருக்குக் கூடியிருந்தது. மாமியாருக்கு இதை வாசித்துக் காட்டினேன். அவர் இன்னும் முழுதாக நம்பவில்லை, ஆனால் இப்போது பலகையில் தன் குரலும் வேண்டும் என்கிறார்.

பழக்கும் செயலிகளில் எனக்குப் பிடிக்காத இன்னொரு வகை, ஒலியைக் கேட்டு மதிப்பெண் போடுவது. பேச்சுக் குறைபாடுள்ள சிறு பிள்ளையின் குரலை இயந்திரம் சரியாக மட்டுக்கட்டுவதில்லை. சின்னவன் அருமையாகச் சொன்ன ‘அப்பா’வுக்கு அழுமூஞ்சிப் படம் காட்டியது. அன்றோடு அதை அழித்துவிட்டேன். சரி பிழை சொல்வதற்கு நான் பக்கத்தில் இருக்கிறேன். போனின் முன் கமராவைத் திறந்து, இருவரும் அதில் எங்கள் வாயைப் பார்த்தபடி ‘அம்மா’, ‘பாப்பா’, ‘மாமா’ என்று சொல்வது இதைவிட நன்றாகப் போகிறது, அதற்குச் சந்தாவும் இல்லை. இரண்டு முதல் நான்கு வயது வரையான பிள்ளைகள் திரைக்கு முன்னால் உட்காருவது நாளுக்கு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொன்னது. கார்ட்டூனையும் பழக்கும் செயலியையும் அந்தக் கணக்கில் சேர்க்கிறேன், பேசும் பலகையைச் சேர்ப்பதில்லை.

அடடா, முக்கியமானது ஒன்று விடுபட்டுவிட்டது. பலகையில் படங்களை அடுக்கிய பிறகு இடம் மாற்றாதீர்கள். கை இடத்தைத்தான் பழகுகிறது. பொருட்களின் பெயரை மட்டும் நிரப்பவும் வேண்டாம். ‘இன்னும்’, ‘வேண்டாம்’, ‘வா’, ‘நிப்பாட்டு’ ஆகியவைதான் ஒரு பிள்ளைக்கு நாள் முழுவதும் தேவைப்படுகிறவை. எங்கள் வீட்டில் ‘வேண்டாம்’ தான் அதிகம் வேலை செய்கிறது, குறிப்பாகப் பாகற்காய் வைக்கும் நாளில். அடுத்த காணொளியில் குரல் பதியும் முறையைத் திரையோடு காட்டுகிறேன். உங்கள் பிள்ளைகளுக்கு என்னென்ன படம் போட்டிருக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள், விலை போட்டுப் பூட்டிய செயலிகளின் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள்.