சன்னல் இல்லாமல் நிற்கும் வண்ணக் கண்ணாடி

நேயர்களுக்கு வணக்கம். தேவாலயச் சன்னல்களில் இருக்கும் வண்ணக் கண்ணாடியை நான்கு பக்கமும் சுவர் பிடித்துக்கொள்கிறது. அதையே மேசைமேல் தனியாக நிற்கும் பலகையாகச் செய்தால் அந்தப் பிடிமானம் கிடையாது. கண்ணாடித் துண்டுகளைக் கோக்கும் ஈயப்பட்டை காரீயத்தால் ஆனது; காரீயம் மென்மையான உலோகம், சுலபமாக வளைந்துவிடும். அதனால் முதல் கோடு போடும்போதே பலகை எப்படி நிற்கும் என்று யோசித்தாக வேண்டும்.

30க்கு 40 சென்டிமீட்டர் பலகை என்று வைத்துக்கொள்வோம். படத்தை முழு அளவில் வரையுங்கள்; ஒவ்வொரு கோடும் ஈயப்பட்டை வரும் இடம். ஓரத்திலிருந்து ஓரம்வரை நேராக ஓடும் கோடு வேண்டாம். அது கதவுக் கீல் மாதிரி ஆகி, பலகை அங்கேயே மடங்கும்.

ஈயப்பட்டையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில எச் எழுத்து தெரியும். நடுத்தண்டின் தடிமன் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே அந்த இடத்தை விட்டே வெட்ட வேண்டும். ஒரு வரிசையில் 10 துண்டு இருந்தால் 9 தண்டு வரும். இடம் விட மறந்தால் வரிசை 13 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும். சட்டத்துக்குள் பலகை அடங்காமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதே தடிமனில் கோடு வரையும் பேனாவை எடுத்து, கோட்டின் ஓரத்தை ஒட்டி வெட்டினால் கணக்கு சரியாகிவிடும்.

3 மில்லிமீட்டர் கண்ணாடி போதும். சிறு சக்கரம் வைத்த கண்ணாடிக் கட்டரை எண்ணெயில் தொட்டு, ஒரே இழுப்பில் கீறுங்கள். கீறிய இடத்திலேயே மறுபடி கீறினால் சக்கரம் மழுங்கும், கண்ணாடியும் கோணலாக உடையும்.

கோப்பதற்கு முன் ஈயப்பட்டையின் ஒரு முனையை வைஸில் பிடித்து, மறுமுனையைக் குறடால் இழுத்து நேராக்குங்கள். பிளைவுட்டில் இரண்டு ரீப்பரைச் செங்கோணமாக அடித்து, அந்த மூலையிலிருந்து ஒவ்வொரு துண்டாகக் கோத்து, நகராமல் ஆணியால் நிறுத்துங்கள். பட்டையின் முனை குறுக்கே வரும் பட்டைக்கு அடியில் நுழைய வேண்டும். அங்கே இடைவெளி இருந்தால் பட்டைகளை இணைக்க உருக்கி வைக்கும் பற்றாசு அதை ஒழுங்காக நிரப்பாது.

பற்றாசு, வெள்ளீயம் 60, காரீயம் 40 கலந்தது; 190 டிகிரி செல்சியஸ் அளவில் உருகும். காரீயம் 327இல் உருகும். சால்டரிங் அயர்ன் முனை அதைவிடச் சூடாக இருப்பது வழக்கம். ஆகவே இணைப்பைப் பித்தளைப் பிரஷால் பளபளவென்று தேய்த்து, பற்றாசு ஒட்ட உதவும் பிளக்ஸ் தடவி, தொட்டவுடன் எடுத்துவிடுங்கள். கை தயங்கினால் பட்டையே ஓட்டையாகும். இரு பக்கமும் பற்றவைக்க வேண்டும்.

பலகைக்கு விறைப்பைக் கொடுப்பது புட்டி என்ற பசை. சாக் பவுடர், காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய், கொஞ்சம் டர்பன்டைன், நிறத்துக்குப் புகைக்கரி. கெட்டியாகக் குழைத்து, பட்டையின் விளிம்புக்கு அடியில் பிரஷால் இரு பக்கமும் திணியுங்கள். மேலே சாக் பவுடர் தூவித் தேய்த்தால் மிகுதி எண்ணெய் வந்துவிடும். சில நாள் படுக்கையாகவே இருக்கட்டும். அவசரப்பட்டு நிமிர்த்தினால் கண்ணாடி உள்ளே ஆடும். ஒருமுறை ஆடிய பலகையைத் திரும்ப இறுக்குவது சிரமம்.

பிறகு சுற்றிலும் ‘ப’ வடிவப் பித்தளைச் சட்டம் போட்டு, மூலைகளைப் பற்றவைத்து, அடியில் குறைந்தது 12 சென்டிமீட்டர் அகலமான பீடம் வையுங்கள். ஓக் மரம் வேண்டாம். அதிலிருந்து வரும் அமில ஆவி காரீயத்தை அரிக்கும். அதே காரணத்தால் வினிகர் கலந்த திரவத்தாலும் துடைக்கக் கூடாது.

காரீயம் நஞ்சு என்பதால், வேலை செய்யும் மேசையில் சாப்பாடும் தண்ணீரும் வேண்டாம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறைக்கு வரவேண்டாம். பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.