ரிச்மண்ட் தெரு, 6151

நேயர்களுக்கு வணக்கம்.

இன்றைக்கு ஒரு வீட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அமெரிக்காவின் புளோரிடா மாநிலம், மயாமி நகரம், ரிச்மண்ட் தெரு, எண் 6151. மயாமிக்குப் போய்த் தேடினால் இந்த வீடு கிடைக்காது. கலிபோர்னியாவில் ஒரு ஸ்டுடியோவுக்குள், எதிரே பார்வையாளர்கள் உட்கார்ந்து பார்க்கப் போட்டிருந்த செட் அது. ‘த கோல்டன் கேர்ள்ஸ்’ என்ற நகைச்சுவைத் தொடருக்காகப் போட்டது. 1985 செப்டம்பர் 14, ஒரு சனிக்கிழமை இரவு, என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. 1992 மே 9 அன்று முடிந்தது. ஏழு சீசன், 180 எபிசோட்.

அந்த வீட்டில் நான்கு பெண்கள். ஒருவரும் இளையவர் இல்லை.

வீட்டுக்காரி பிளான்ச். தெற்கு மாநிலத்துக்காரி, அழகில் பெருமை உள்ளவர், ஆண் நண்பர்கள் நிறைய. கணவர் கார் விபத்தில் இறந்துபோனார். பெரிய வீட்டில் தனியாக இருக்க முடியாமல், சூப்பர் மார்க்கெட் அறிவிப்புப் பலகையில் அறை வாடகைக்கு என்று எழுதி ஒட்டுகிறார். அதைப் பார்த்து வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் ரோஸ், மினசோட்டாவில் செயின்ட் ஓலாஃப் என்ற சின்னஞ்சிறு பண்ணை ஊரிலிருந்து வந்தவர், வெள்ளை மனசு, அவரும் கணவரை இழந்தவர். இன்னொருவர் டாரதி, நியூயார்க்கின் புரூக்ளினில் வளர்ந்தவர், பள்ளிகளில் மாற்று ஆசிரியை. 38 வருடம் குடும்பம் நடத்திய கணவன் ஒரு விமானப் பணிப்பெண்ணோடு போய்விட்டான். நான்காவது, டாரதியின் அம்மா சோபியா. எண்பது வயது. சிசிலியில் பிறந்தவர். முதியோர் இல்லத்தில் இருந்தார். அந்த இல்லம் தீப்பிடித்துவிட, முதல் எபிசோடிலேயே கைப்பையோடு வந்து இறங்குகிறார். வந்தவர் திரும்பிப் போகவே இல்லை.

இதை எழுதி உருவாக்கியவர் சூசன் ஹாரிஸ். ஆரம்பம் எங்கே என்றால், 1984இல் என்பிசி தன் புதிய நிகழ்ச்சிகளை விளம்பரப்படுத்த நடத்திய ஒரு விழா. ‘மயாமி வைஸ்’ என்ற போலீஸ் தொடர் வரப்போகிறது. அதை அறிமுகப்படுத்த செல்மா டயமண்ட், டோரிஸ் ராபர்ட்ஸ் என்ற இரண்டு மூத்த நடிகைகள் மேடைக்கு வந்து, அது ‘மயாமி நைஸ்’ என்ற வேறு ஏதோ தொடர், மயாமியில் குடியிருக்கும் வயதானவர்களைப் பற்றியது என்று நினைத்துக்கொண்டு பேசுவதுபோல ஒரு சின்ன நகைச்சுவை. அரங்கம் சிரித்தது. அதிகாரிகள் அதைக் கவனித்தார்கள். சரி, இதையே ஒரு தொடராக எடுத்தால் என்ன என்று கேட்டார்கள். விளம்பரத்துக்கு வைத்த துணுக்கு அப்படித்தான் தொடராக வளர்ந்தது.

நடிகைகளுக்கு வருவோம். எனக்கு இதில் அலுக்காத விஷயம் ஒன்று உண்டு. மகள் டாரதியாக நடித்த பியா ஆர்தர் 1922 மே மாதம் பிறந்தவர். அம்மா சோபியாவாக நடித்த எஸ்டெல் கெட்டி 1923 ஜூலை. மகளைவிட அம்மா பதினான்கு மாதம் சின்னவர்! வெள்ளை விக், பெரிய கண்ணாடி, முகத்தில் சுருக்கம் வரவழைக்கும் ஒப்பனை, தோளைக் கொஞ்சம் குறுக்கிய நடை. இவ்வளவும் சேர்ந்து 62 வயதுப் பெண்ணை எண்பதுக்குக் கொண்டுபோயின. பியா ஆர்தர் நல்ல உயரம், எஸ்டெல் கெட்டி ஐந்தடிக்கும் குறைவு. அந்தச் சின்ன உருவம் அண்ணாந்து பார்த்து அதட்ட, இந்தப் பெரிய உருவம் “அம்மா!” என்று பல்லைக் கடிக்கும்.

என் அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. எழுபது வயதுக்கு மேல் என்னோடு உட்கார்ந்து இதைப் பார்த்தார். வசனம் பாதி புரியாது. ஆனால் சோபியா சமையலறைக்குள் நுழைந்தாலே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். “பாரு, ராத்திரியில கூட கைப்பையைக் கீழ வைக்கல” என்பார். எனக்கு அதுவரை அது கண்ணில் பட்டதே இல்லை. இரவு உடை, வீட்டுச் செருப்பு, நடுராத்திரி, கையில் பை. சொந்த வீட்டை விட்டு, பிறகு இல்லத்தை விட்டு, கடைசியில் மகளின் தோழி வீட்டில் ஓர் அறைக்கு வந்து சேர்ந்தவர். தன்னுடையது என்று அவரிடம் மிச்சம் இருப்பது அந்தப் பைக்குள்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

எஸ்டெல் கெட்டி பல வருடம் அலுவலகங்களில் செயலாளராக வேலை பார்த்துக்கொண்டே, இரண்டு மகன்களை வளர்த்துக்கொண்டே, நியூயார்க் நாடக மேடைகளில் நடித்தவர். பெரிய வாய்ப்பு வந்தபோது கிட்டத்தட்ட அறுபது வயது. மற்ற மூவரும் அப்படி இல்லை. பியா ஆர்தரும் பிளான்சாக நடித்த ரூ மெக்லானஹனும் எழுபதுகளிலேயே ‘மாட்’ என்ற தொடரில் சேர்ந்து நடித்துப் பெயர் வாங்கியவர்கள். ரோஸாக வந்த பெட்டி வைட், தொலைக்காட்சி தொடங்கிய காலத்திலிருந்தே அதில் இருந்தவர்.

இந்த இடத்தில் ஒரு மாற்றம் நடந்தது. முதலில் பெட்டி வைட்டைத்தான் பிளான்ச் வேடத்துக்கும், ரூ மெக்லானஹனை ரோஸ் வேடத்துக்கும் நினைத்திருந்தார்கள். காரணம், பெட்டி வைட் அதற்கு முன் நடித்த தொடரில் ஆண்களைத் துரத்தும் பாத்திரம். ரூ நடித்தது கொஞ்சம் வெகுளியான பாத்திரம். முதல் எபிசோடை இயக்கிய ஜே சாண்ட்ரிச், இருவரும் முன்பு செய்ததையே ஏன் திரும்பச் செய்ய வேண்டும் என்று நினைத்து, வேடங்களை மாற்றிப் படிக்கச் சொன்னார். படித்ததும் முடிவாகிவிட்டது. ரோஸை வெறும் அசடாகச் செய்யாமல், கேட்டதையெல்லாம் அப்படியே நம்பும் குழந்தை மனசாகச் செய்தார் பெட்டி வைட். தன் கணவரை இழந்து நான்கு வருடம்தான் ஆகியிருந்தது அவருக்கு. ரோஸ் தன் இறந்துபோன கணவர் சார்லியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

நால்வருக்கும் அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருதான எம்மி கிடைத்தது. 1986இல் பெட்டி வைட், 87இல் ரூ மெக்லானஹன், 88இல் பியா ஆர்தரும் எஸ்டெல் கெட்டியும். 1988இல் லண்டனுக்கு அழைக்கப்பட்டு, அரசி எலிசபெத்தின் தாயார் முன்னிலையில் பல்லேடியம் அரங்க மேடையில் சமையலறைக் காட்சிகளை நடித்துக் காட்டினார்கள்.

அந்தச் சமையலறை மேசைதான் தொடரின் இதயம். தூக்கம் வராத இரவில் ஒருவர் வருவார், அப்புறம் இன்னொருவர். ஃபிரிட்ஜிலிருந்து சீஸ்கேக் வெளியே வரும். பியா ஆர்தருக்கு நிஜத்தில் சீஸ்கேக் பிடிக்காதாம். நான்கு பேர் வாழும் வீட்டில் அந்த மேசையைச் சுற்றிப் பெரும்பாலும் மூன்று நாற்காலிகள்தான் இருக்கும். நான்காவதைப் போட்டால் யாராவது கேமராவுக்கு முதுகு காட்ட வேண்டுமே! அதனால் ஒருவர் நின்றுகொண்டோ, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டோ பேசுவார். பேச்சில் எல்லாம் வரும்: மாதவிடாய் நின்றது, காதல், பிள்ளைகள் பேசாமல் போனது, பணம். ஓர் எபிசோடில், கணவர் வேலை பார்த்த நிறுவனம் திவாலாகி ரோஸுக்கு வந்துகொண்டிருந்த ஓய்வூதியம் நின்றுபோகும். வேலை தேடிப் போனால் எல்லாரும் வயதைப் பார்ப்பார்கள். நகைச்சுவைத் தொடர் என்பதற்காக அந்தப் பயத்தை மழுப்பவில்லை.

வானொலியில் என்னால் காட்ட முடியாத ஒன்று, பியா ஆர்தரின் பார்வை. ரோஸ் தன் ஊர்க் கதை எதையாவது சொல்லி முடிப்பார். டாரதி ஒன்றும் சொல்ல மாட்டார். மெதுவாகத் திரும்பிப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே இருப்பார். அரங்கில் சிரிப்பு ஏறும், இறங்கப் போகும், மறுபடி ஏறும். ஒரு வார்த்தை பேசாமல் அத்தனை பேரையும் கையில் வைத்திருக்கத் தெரிந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படைக் காலாட்பிரிவின் மகளிர் பிரிவில் லாரி ஓட்டியவர் இவர்.

அவர் வாய் திறந்து நீளமாகப் பேசிய ஒரு காட்சியைச் சொல்கிறேன். 1989 செப்டம்பரில், ஐந்தாம் சீசனின் தொடக்கத்தில் இரண்டு வாரம் வந்த கதை. டாரதிக்கு மாதக்கணக்கில் உடம்பு முடியவில்லை. சில நாள் எழுந்து நடக்கவே தெம்பு இல்லை. மருத்துவர்கள் பரிசோதிக்கிறார்கள், ஒன்றுமில்லை என்கிறார்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள் என்கிறார்கள். நியூயார்க்கில் பெரிய நிபுணர் ஒருவர், வயதாகிறது, அவ்வளவுதான், அழகு நிலையத்துக்குப் போய்த் தலைமுடியைக் கவனியுங்கள் என்கிற மாதிரிப் பேசி அனுப்பிவிடுகிறார். கடைசியில் பக்கத்து வீட்டு மருத்துவர் நம்புகிறார், சரியான இடத்துக்கு அனுப்புகிறார். நோய்க்குப் பெயர் கிடைக்கிறது: நாட்பட்ட சோர்வு நோய். பெயர் கிடைத்த சந்தோஷத்தில் தோழிகளோடு உணவகத்துக்குப் போகிறார். அங்கே வேறொரு மேசையில் அந்த நியூயார்க் நிபுணர்.

டாரதி எழுந்து போகிறார். நோயோடும் பயத்தோடும் உங்களிடம் வந்தேன், என்னைத் தள்ளிவிட்டீர்கள் என்று தொடங்குகிறார். எனக்குத் தெரியவில்லை என்று நீங்கள் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லாமல், எனக்குத்தான் புத்தி சரியில்லை என்று என்னையே நினைக்க வைத்தீர்கள். நான் ஆணாக இருந்திருந்தால் முடி அலங்காரத்துக்குப் போகச் சொல்லியிருப்பீர்களா? ஒருநாள் நீங்களும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்காருவீர்கள். எனக்கு இவ்வளவு கோபம் இருந்தும், அன்றைக்கு உங்களுக்கு நீங்கள் எனக்கு இருந்ததைவிட நல்ல மருத்துவர் கிடைக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். இப்படிப் போகிறது அந்தப் பேச்சு. பியா ஆர்தர் குரலை உயர்த்தவே இல்லை.

சூசன் ஹாரிஸ் இதைத் தன் சொந்த அனுபவத்திலிருந்து எழுதினார். அவருக்கும் இப்படித்தான் நோய் வந்தது, அவரையும் மருத்துவர்கள் நம்பவில்லை. என் அம்மா, கை விரல்கள் மடங்கவில்லை என்று ஒரு மருத்துவரிடம் போனபோது, அவர் நாற்காலியிலிருந்து நிமிராமலே “வயசாச்சுல்லம்மா” என்றார். அம்மா சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். ஒன்றரை வருடம் கழித்துத்தான் முடக்குவாதம் என்று தெரிந்தது. டாரதியின் அந்தக் காட்சியை அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். முடிந்ததும், “இன்னொரு தடவை போடு” என்றார்.

இன்னும் ஒரு கதை. 1987இல் வந்தது. கடற்கரை மரப்பாலத்தில் ஒரு பெஞ்ச். சோபியா தினமும் அங்கே போய் ஆல்வின் என்ற கறுப்பின முதியவரோடு உட்கார்ந்து பேசுகிறார், சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்கிறார். ஒருநாள் ஆல்வின் காரணமில்லாமல் கத்துகிறார். பிறகு அது நினைவில்லாதவர்போல இருக்கிறார். அவருக்கு அல்சைமர் நோய் என்று தெரியவருகிறது. வீட்டார் அவரைச் சிகிச்சைக்காக நியூயார்க்குக்கு அனுப்பப்போகிறார்கள். கடைசிக் காட்சியில் அதே பெஞ்சில் சோபியா மட்டும்.

இதைப் பின்னாளில் பார்க்கிறவர்களுக்கு மனசு கனக்கும். படப்பிடிப்பு நடந்த காலத்திலேயே எஸ்டெல் கெட்டிக்கு வசனம் மறக்கத் தொடங்கியிருந்தது. மேடைப் பயம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பிறகு வசனத்தைப் பெரிய அட்டைகளில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. கடைசியில் தெரிந்தது, லூயி பாடி என்ற வகை மறதி நோய். 2008 ஜூலையில், 85 வயது நிறைவதற்கு மூன்று நாள் முன்பு இறந்தார். 2009இல் பியா ஆர்தர், 2010இல் ரூ மெக்லானஹன். பெட்டி வைட் 2021ஆம் ஆண்டின் கடைசி நாள் வரை இருந்தார். நூறு வயதுக்கு மூன்று வாரம்கூட இல்லை.

கடைசி எபிசோடில் டாரதி மறுமணம் செய்துகொண்டு அட்லாண்டாவுக்குக் கிளம்புகிறார். சோபியா மகளோடு போகவில்லை. இந்த வீட்டிலேயே தங்கிவிடுகிறார். மூவரையும் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு டாரதி வெளியே போகிறார். மனசு கேட்காமல் திரும்பி ஓடி வருகிறார். மறுபடி போகிறார். இந்தத் தடவை முடிந்தது என்று நாம் நினைக்கும்போது இன்னொரு வழியாக உள்ளே வந்து நிற்கிறார். பிளான்சிடமும் ரோஸிடமும், நீங்கள் என்றைக்கும் என் சகோதரிகள் என்று அவர் சொன்னது இந்த விடைபெறலில்தான்.

மற்ற மூவரும் அதே பாத்திரங்களோடு ‘த கோல்டன் பேலஸ்’ என்று ஒரு தொடர் செய்தார்கள். ஒரு சீசன்தான் ஓடியது. பியா ஆர்தர் அதில் விருந்தினராக மட்டும் வந்தார்.

இந்தத் தொடரைத் தன்பாலீர்ப்புள்ளவர்கள் ஆரம்பத்திலிருந்தே கொண்டாடினார்கள். பிளான்சின் தம்பி தன் ஆண் துணையோடு மணம் செய்துகொள்ள விரும்புவதாக 1991இல் ஓர் எபிசோட் வந்தது. பிளான்ச் தவிக்கிறார். நீ ஏன் ஜார்ஜைக் கல்யாணம் செய்தாய் என்று சோபியா கேட்கிறார். நேசித்தோம், சேர்ந்து வயதாக வேண்டும் என்று நினைத்தோம் என்கிறார் பிளான்ச். உன் தம்பிக்கும் அதுதான் வேண்டும் என்கிறார் சோபியா.

நியூயார்க்கில் அலி ஃபோர்னி மையம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. தன்பாலீர்ப்பின் காரணமாகவோ, திருநராக இருப்பதாலோ பெற்றோரால் வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைகளுக்குத் தங்க இடம் கொடுப்பது அதன் வேலை. 2005இல் பியா ஆர்தர் அதற்காக ஒரு மேடை நிகழ்ச்சி நடத்திப் பணம் திரட்டிக் கொடுத்தார். இறந்த பிறகு உயிலைப் பார்த்தால் அதே மையத்துக்கு 3 லட்சம் டாலர் எழுதி வைத்திருந்தார். பணத்துக்கு மையம் மிகவும் திண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது. 2017இல் மன்ஹாட்டனில் ஒரு வீட்டைத் தயார் செய்து திறந்தார்கள். 18 படுக்கைகள். வாசலில் பியா ஆர்தர் இல்லம் என்று பெயர்.

நன்றி. வணக்கம்.