அழைப்பு வந்தது, ஆனால் வீடியோ கிடையாது

வணக்கம், வாங்க. இன்றைக்கு மேசை ஒழுங்குபடுத்தும் வீடியோ இல்லை, அது அடுத்த வாரம். பி மை ஐஸ் செயலியில் தன்னார்வலராகச் சேர்ந்ததைச் சொன்ன நாளிலிருந்து கமெண்ட்டில் "வந்ததா, வந்ததா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். வந்துவிட்டது! நேற்று வந்தது!

புதிதாக வந்தவர்களுக்கு: பார்வையற்ற ஒருவர் அந்தச் செயலியில் உதவி கேட்டால், அவர் பேசும் மொழி தெரிந்த தன்னார்வலர்கள் பலருக்கு ஒரே நேரத்தில் மணி அடிக்கும். முதலில் எடுப்பவருக்குத்தான் அந்த வீடியோ அழைப்பு; உதவி கேட்டவர் போன் கேமராவில் காட்டுவதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். உதவி கேட்பவர்களைவிடத் தன்னார்வலர்கள் பல மடங்கு அதிகம், அதனால் நான் ஓடி வந்து எடுப்பதற்குள் வேறு யாராவது எடுத்திருப்பார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதில் காத்திருக்க வேண்டியது நான், உதவி கேட்பவர் இல்லை.

சரி, நேற்று. ஓர் அம்மா. கையில் மாத்திரை அட்டை, காலாவதி தேதி என்னவென்று தெரிய வேண்டும். அவ்வளவுதானே என்று நினைப்பீர்கள். அந்த வெள்ளித்தாள் பளபளப்பு இருக்கிறதே! தேதியை மையால் அச்சடிக்காமல், ஓரத்தில் வெறுமனே அழுத்திப் பதித்திருக்கிறார்கள். டார்ச்சைப் போட்டால் எல்லாம் வெள்ளையாகிவிடுகிறது, அணைத்தால் ஒன்றுமே தெரியவில்லை. அதை வடிவமைத்தவர் ஒருமுறையாவது அதைப் படித்துப் பார்த்திருக்க வேண்டும்.

நான் "கொஞ்சம் இப்படித் திருப்புங்க" என்றேன். அவர் நிதானமாக, "இப்படின்னா எப்படித் தம்பி? இடதா, வலதா, எவ்வளவு?" என்று கேட்டார். அதற்குப் பிறகு வேலை நடந்தது. அட்டையின் மேல் ஓரத்தை உங்கள் பக்கம் சாய்த்துப் பிடியுங்கள், போனை ஒரு சாண் உயர்த்துங்கள், அப்படியே நில்லுங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தபோது எழுத்துகள் நிழலோடு எழுந்து நின்றன. மாதம், ஆண்டு, இரண்டும்! சத்தமாகவே படித்துவிட்டேன். அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அவர் கேட்டது தேதியை மட்டும். அது எதற்கான மாத்திரை, யாருக்கு, வீட்டில் வேறு யாரும் இல்லையா என்று நான் எதுவும் கேட்கவில்லை. எனக்கு இதுதான் இதில் பெரிய பயிற்சியாகத் தெரிகிறது: கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துகொள்வது. "உதவி செய்தால் மனசு நிறையும்" என்ற பேச்சு எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, அதில் முழுக்க நம் மனசைப் பற்றித்தான் பேச்சு. நேற்றிலிருந்து அப்பாவுக்குப் போனில் ஏதாவது சொல்லிக்கொடுக்கும்போதுகூட "அங்கே அழுத்துங்க" என்பது வாயில் வரமாட்டேன் என்கிறது. வலது மேல் மூலை, மூன்று புள்ளி, அதை அழுத்துங்கள் என்கிறேன். அவரும் சட்டென்று கண்டுபிடித்துவிடுகிறார்.

இப்போது கோபம் வந்த விஷயம். நேற்றே கம்யூனிட்டி பதிவில் அழைப்பு வந்ததைச் சொன்னேன், உடனே "ரெக்கார்ட் பண்ணியிருக்கலாமே, நல்ல கன்டென்ட்" என்று வரிசையாக வந்துவிட்டீர்கள். மாட்டேன். அவருடைய கேமராவில் எனக்குத் தெரிவது அவர் வீடு, அவர் மருந்து. அங்கே என்னென்ன தெரிகிறது என்பதை அவரால் பார்த்துச் சரிபார்க்க முடியாது. அப்படி ஒருவர் நம்பித் திறந்த இடத்தில் நான் எப்படிப் படம் பிடிப்பேன்?

இன்னொரு கேள்வி, இதையெல்லாம் ஏஐ செய்யுமே என்று. செய்கிறது, 2023 முதல் அந்தச் செயலியிலேயே ஏஐ வசதி இருக்கிறது, நல்லதுதான். மனிதரைக் கூப்பிடுவதா, ஏஐயிடம் கேட்பதா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளட்டும். மருந்துத் தேதி என்றால் நானாக இருந்தாலும் ஒரு மனிதரிடம்தான் கேட்பேன்.

ஆங், இதைத் தொடங்கியவர் பற்றிச் சொல்லவில்லையே. ஹான்ஸ் யோர்கன் வீபெர்க், டென்மார்க்காரர், அவருக்கே பார்வைக் குறைபாடு உண்டு. செயலி 2015-இல் வெளியானது. நீங்கள் சேர்வதாக இருந்தால் மொழி அமைப்பில் ஆங்கிலத்தை மட்டும் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், தமிழைச் சேருங்கள். அந்த அம்மா தமிழில்தான் கேட்டார்.