நேற்றைய சாம்பல்

நேயர்கள் எல்லாருக்கும் ஆண்டவருடைய நாமத்தில் அன்பின் வாழ்த்துகள்.

என்னிடம் ஒரு பழைய வேதாகமம் இருக்கிறது. அட்டையைத் திறந்ததும் வருகிற வெற்றுத்தாளில் நான்கு தேதிகள் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தேதிக்குக் கீழேயும் ஒரே வாக்கியம்தான்: "இன்று என்னை முழுவதும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன்." முதல் தேதி வாலிபர் முகாமின் கடைசி இரவில் எழுதியது, நீல மை இப்போது வெளுத்துப்போய்விட்டது. நான்காவது பென்சிலில் இருக்கிறது. இதுவும் எத்தனை நாள் நிற்குமோ என்ற பயத்தில் அன்றைக்குப் பேனாவை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கூட்டத்தில் எழுந்து நின்று ஒப்புக்கொடுத்திருப்பீர்கள், அழுதிருப்பீர்கள், அது உண்மையான அழுகைதான். ஆனால் நாலு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் அந்த அனல் எங்கே போனது என்று தேடியிருப்பீர்கள். "அப்போ அன்றைக்கு நான் கொடுத்தது பொய்யா?" என்ற கேள்வி வரும். பொய் இல்லை. எனக்கு இது புரிய வெகுகாலம் ஆனது, புரியவைத்தது லேவியராகமம் 6ஆம் அதிகாரம். வேதத்தை வரிசையாக வாசிக்கிறவர்கள்கூட வேகமாகக் கடந்துபோகிற இடம் அது.

பலிபீடத்தின் அக்கினி அவியவே கூடாது என்கிறது அந்த அதிகாரம். சரி, அந்த அக்கினியை யார் கொடுத்தது? மூன்று அதிகாரம் தள்ளி, 9ஆம் அதிகாரத்தின் முடிவில் பாருங்கள், கர்த்தருடைய சந்நிதியிலிருந்தே அக்கினி புறப்பட்டு வந்து பலியைப் பட்சிக்கிறது. அப்படி வானத்து தேவன் அனுப்பிய அக்கினிக்குக்கூட, காலைதோறும் ஆசாரியன் விறகு போட வேண்டும் என்பதுதான் கட்டளை. அக்கினி அவருடையது, விறகு வைக்கிற வேலை நம்முடையது. நேற்றைய விறகில் இன்றைக்கு எரியாது. அதற்காக நேற்றைய நெருப்பு பொய் என்று யாராவது சொல்வார்களா?

இதில் இன்னொன்று இருக்கிறது, இதை எங்கே பேசினாலும் சொல்லாமல் என்னால் வர முடியாது. விறகு போடுவதற்கு முன்னால் ஆசாரியன் சாம்பலை எடுக்க வேண்டும். சணல்நூல் அங்கியை உடுத்திக்கொண்டு சாம்பலை எடுத்துப் பலிபீடத்தின் பக்கத்தில் கொட்டுகிறான், பிறகு அந்த உடையைக் கழற்றி வேறு உடை போட்டுக்கொண்டு, அந்தச் சாம்பலை, இஸ்ரவேலர் கூடாரம் போட்டுத் தங்கியிருந்த பாளயத்துக்குப் புறம்பே சுத்தமான ஓர் இடத்துக்குக் கொண்டுபோகிறான். சுத்தமான இடத்துக்கு! ஏன் என்று நான் ரொம்ப நாள் யோசித்தேன். அந்தச் சாம்பல் குப்பை இல்லை, கர்த்தர் ஏற்றுக்கொண்ட பலியின் மிச்சம். ஆனாலும் அதைப் பலிபீடத்தின்மேல் விட்டுவைக்கக் கூடாது. அடுப்பில் சாம்பலை அள்ளாமலே விறகைத் திணித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காற்றுப் போக வழியில்லாமல் புகைதான் மூட்டும்.

நேற்றைய பாவம் மட்டும்தான் தடை என்று நான் நினைத்திருந்தேன். நேற்றைய நல்ல ஜெபமும், நேற்று ஆண்டவருக்காகச் செய்த ஊழியமும், வெற்றுத்தாளில் இருக்கிற அந்த நான்கு தேதிகளும் சாம்பல்தான். மதிப்போடு எடுத்துவைக்க வேண்டிய சாம்பல், அவ்வளவுதான்.

அதனால் இப்போது காலையில் முதலில் அதைத்தான் செய்கிறேன். பெரிய ஜெபம் ஒன்றுமில்லை. படுக்கையில் எழுந்து உட்கார்ந்தபடியே, நேற்று மகனிடம் எரிந்து விழுந்தது, நேற்று கேட்ட பாராட்டு, இரண்டையும் பெயர் சொல்லி எடுத்து வைக்கிறேன். அப்புறம், "ஆண்டவரே, இன்றைக்கும் நான் உம்முடையவன்." சில காலைகளில் இதைச் சொல்லும்போது உள்ளே ஒரு உணர்ச்சியும் இருக்காது, வெறும் வாய் வார்த்தையாகத்தான் வரும். பரவாயில்லை, சொல்லுங்கள். விறகு வைக்கும்போதே சூடாக இருக்காது.

இயேசு சிலுவையை எடுக்கச் சொன்ன வசனத்தை மத்தேயு, மாற்கு, லூக்கா மூவருமே எழுதியிருக்கிறார்கள். லூக்கா 9:23இல் மட்டும் "அநுதினமும்" என்று ஒரு சொல் கூடுதலாக இருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்காகவே நான் லூக்காவுக்குக் கடன்பட்டிருக்கிறேன். ஒருமுறை எடுத்துத் தோளில் வைத்ததோடு முடிகிற காரியமாக அவர் இதை எழுதவில்லை.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் போதனை நூலில், ஞானஸ்நானம் பெற்றவனுக்குள் இருக்கிற பழைய ஆதாம், அதாவது பழைய பாவ சுபாவம், தினந்தோறும் மனஸ்தாபத்தால் மூழ்கிச் சாக வேண்டும் என்கிறார், அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். மாலைப் பலியைப் பற்றியும் பேச முடியவில்லை. எண்ணாகமம் 28இல் காலையில் ஒரு ஆட்டுக்குட்டி, மாலையில் ஒரு ஆட்டுக்குட்டி என்று இருக்கிறது. காலையில் தவறவிட்டவர்கள் இன்று மாலை அந்த அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். ஸ்தோத்திரம்.