நாற்காலி எதற்கு?

(பட்டிமன்றத் தலைப்பு: ஆட்டத்தை முடித்துக்கொண்ட விளையாட்டு வீரர் தாய்நாட்டுக்குப் பெரிதும் பயன்படுவது ஆட்சிப் பதவியில் இருந்தா, பதவிக்கு வெளியே இருந்தா? ‘வெளியே இருந்தே’ என்ற அணியின் உரை.)

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஜார்ஜ் வியாவைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, வழக்கே முடிந்துவிட்டது போல உட்கார்ந்துவிட்டார். மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவின் குடிசைப் பகுதியில் வளர்ந்தவர், 1995இல் உலகின் சிறந்த கால்பந்து வீரர், 2018இல் நாட்டின் அதிபர், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டார். சரி, வியாவிடமிருந்தே தொடங்குகிறேன். அவர் எங்கள் அணியின் சாட்சி. தவறிப்போய் உங்கள் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்.

உள்நாட்டுப் போரில் லைபீரியா சிதைந்து கிடந்தபோது தேசிய அணிக்கு விமான டிக்கெட் எடுத்தது யார்? சீருடை வாங்கிக் கொடுத்தது யார்? அரசாங்கமா? ஐரோப்பாவில் ஆடிச் சம்பாதித்த வியா. அந்த அணி 2002 உலகக் கோப்பைக்குப் போகும் வாய்ப்பை நைஜீரியாவிடம் ஒரே ஒரு புள்ளியில் இழந்தது. 1996இல், ஐக்கிய நாடுகள் சபை தலையிட்டு என் நாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். அதற்காகத் தலைநகர் மன்ரோவியாவில் இருந்த அவர் வீட்டை எரித்தார்கள். அன்றைக்கு அவரிடம் என்ன பதவி இருந்தது? சென்டர் ஃபார்வர்டு, கோல் அடிக்கும் முன்கள ஆட்டக்காரர். அது ஒன்றுதான்.

பதவி வந்த பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டுமல்லவா? விலைவாசி, ஊழல் என்று 2019இல் ஆயிரக்கணக்கான மக்கள் அவருக்கு எதிராகத் தெருவில் நின்றார்கள். 2022இல் மகன் கத்தார் உலகக் கோப்பையில் ஆடுவதைப் பார்க்கப் போனார். மகன் ஆடியது அமெரிக்க அணிக்காக, அது வேறு கதை. ஒரு தகப்பனாகப் போயிருந்தால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். அதிபராகப் போனதால், நாடு இப்படி இருக்கும்போது வாரக்கணக்கில் வெளிநாடா என்று கேட்டார்கள். 2023 தேர்தலில் தோற்றதும் முழு முடிவு வருவதற்குள் எதிர்வேட்பாளரைத் தொலைபேசியில் அழைத்து வாழ்த்தினார். மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் நடுவர் அவர்களே, அவருடைய ஆறாண்டு ஆட்சியில் உலகம் அதிகமாகக் கைதட்டியது அவர் நாற்காலியை விட்டு இறங்கிய விதத்துக்குத்தான்!

நண்பர் பாரியையும் இழுத்தார். அரசனாக இருந்ததால்தான் முல்லைக்குத் தேர் கொடுக்க முடிந்தது என்றார். ஐயா, பாரி தான் ஏறி வந்த தேரைக் கொடுத்தான், அப்புறம் நடந்து போனான். புதுத் தேருக்கு டெண்டர் விட்டதாகக் கதையில் இல்லை.

இப்போது எங்கள் ஆளைச் சொல்கிறேன். டிக்கெம்பே முட்டோம்போ. காங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகரான கின்ஷாசாவில் 1966இல் பிறந்தவர், உயரம் 7 அடி 2 அங்குலம். மருத்துவராகும் கனவோடு 1987இல் உதவித்தொகையில் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்த உயரத்தைக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் சும்மா விடுவாரா? அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் 18 பருவங்கள் ஆடினார், நான்கு முறை சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது. எதிரி எறியும் பந்தைத் தட்டிவிட்டு, ஆள்காட்டி விரலை ‘வேண்டாம் தம்பி’ என்பது போல ஆட்டுவார். அந்த விரலுக்கென்றே ரசிகர்கள் இருந்தார்கள்.

1996இல் அட்லாண்டா ஒலிம்பிக். அவருடைய நாட்டுப் பெண்கள் கூடைப்பந்து அணி வந்திருந்தது. சீருடைக்கும் செலவுக்கும் பணம் கொடுத்தவர் முட்டோம்போ. 1998இல் அவருடைய தாய் பியாம்பா மரி கின்ஷாசாவில் நோயுற்றார். கலவரத்தால் தெருக்கள் அடைபட்டுக் கிடந்தன. மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாமல் இறந்துபோனார். மகன் அமெரிக்காவில் கோடிகளில் சம்பாதிக்கிறார், தாய்க்கு ஒரு மருத்துவமனை எட்டவில்லை. இந்த இடத்தில் ஒரு மனிதர் என்ன செய்யலாம்? அழலாம், ஆட்சியைத் திட்டலாம், நண்பர் சொல்வது போலக் கட்சி தொடங்கித் தேர்தலில் நிற்கலாம். அவர் மருத்துவமனை கட்டினார். கின்ஷாசாவின் மாசினா பகுதியில், 300 படுக்கைகளோடு, தாயின் பெயரில். செலவு 2.9 கோடி டாலர். அதில் பாதிக்கு மேல், 1.5 கோடி டாலருக்கும் அதிகமாக, அவருடைய சொந்தப் பணம். மீதிக்குக் கதவு கதவாகத் தட்டினார். வேலை பல ஆண்டு இழுத்தது. 2007இல் நோயாளிகள் உள்ளே வந்தார்கள்.

எதிரணியில் ஒருவர் கையைத் தூக்குகிறார். என்ன கேட்பார் என்று தெரியும்: ‘அவர் 2006இல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர்தானே, இதில் எங்கே வந்தது தாய்நாட்டு விசுவாசம்?’ வாங்கினார் ஐயா. அதே 2006 செப்டம்பரில் கின்ஷாசாவுக்குப் போய் மருத்துவமனைக் கட்டடத்தை அர்ப்பணித்தார். கடவுச்சீட்டு ஒரு நாட்டினுடையது, காசோலை இன்னொரு நாட்டுக்குப் போனது. இரண்டில் விசுவாசம் எதில் இருக்கிறது என்று நடுவர் முடிவு செய்யட்டும்.

இன்னொரு கேள்வி இதைவிடக் கனமானது, தட்டிக்கழிக்க மாட்டேன். பத்துக் கோடி மக்கள் வாழும் நாட்டில் ஒரு மருத்துவமனை எந்த மூலைக்கு, அதிகாரம் கையில் இருந்தால் நூறு கட்டலாமே என்கிறார்கள். கட்டலாம். கட்டினார்களா என்பதுதான் கேள்வி. அதே நாட்டில் அதிபர் மொபுட்டு 1965 முதல் 1997 வரை நாற்காலியில் இருந்தார். தன் பூர்வீகப் பகுதியான பதோலிட்டேயில் அரண்மனை எழுப்பினார், கான்கார்டு விமானம் இறங்கும் அளவுக்கு ஓடுபாதை போட்டார். மாசினாவில் 300 படுக்கை போட ஒரு கூடைப்பந்து வீரர் வர வேண்டியிருந்தது. முட்டோம்போ அத்தோடும் நிற்கவில்லை. 2021இல் தந்தை சாமுவேலின் பெயரில் அதே நாட்டின் முபுஜி-மாயி நகரத்துப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி திறந்தார். 2024 செப்டம்பரில் மூளைப் புற்றுநோயால் இறந்தார்.

கடைசியாக ஒருவர். பதவி வாசல் வரை வந்தபோது வேண்டாம் என்றவர், மனூட் போல். தெற்குச் சூடானின் டிங்கா இனத்தவர், 7 அடி 7 அங்குலம். என்.பி.ஏ.வில் பத்துப் பருவங்கள். போட்ட புள்ளிகளைவிடத் தடுத்த பந்துகள் அதிகம், 1,599க்கு 2,086! சம்பாத்தியத்தில் பெரும்பகுதி தென்சூடான் மக்களுக்கும் அவர்களுடைய விடுதலை இயக்கத்துக்கும் போனது. கலகக்காரர்களுக்குப் பணம் கொடுத்தவர் எப்படித் தேசபக்தர் என்று கேட்கலாம். அவர் மக்கள்மேல் குண்டு போட்டது எந்த அரசு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். தலைநகர் கார்ட்டூமில் இருந்த அந்தச் சூடான் அரசே அவருக்கு விளையாட்டுத் துறை அமைச்சர் பதவி தருவதாகச் சொன்னது. நிபந்தனை, இஸ்லாத்துக்கு மதம் மாற வேண்டும். மறுத்தார். பிறகு நாட்டைவிட்டு வெளியேறவே விடவில்லை. ஒருவழியாகக் கெய்ரோ போய், அகதியாக அமெரிக்கா திரும்பினார்.

கையில் காசில்லை. 2002இல் தொலைக்காட்சியில் பிரபலங்களின் குத்துச்சண்டையில் இறங்கினார், நலிந்த தம் மக்களுக்குப் பணம் திரட்ட. அப்புறம் பனி ஹாக்கி அணியில் பெயர் கொடுத்தார், குதிரைப் பந்தய ஜாக்கி உடையும் போட்டார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், டிக்கெட் வாங்கிச் சிரித்தால் சரி என்று விட்டுவிட்டார். அந்த மனிதர் பிறகு சொந்த ஊர்ப்பக்கம் துராலேயில் பள்ளி கட்டப் போனார். கிறித்தவரும் முஸ்லிம்களும் சேர்ந்து கட்டிய பள்ளி அது. கலகக்காரர் என்றவர்கள் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2010 ஏப்ரல் தேர்தல் சமயம். தென்சூடான் தலைவர் சல்வா கீர் கேட்டுக்கொண்டதால் திரும்பும் பயணத்தைத் தள்ளிப்போட்டு அங்கேயே தங்கினார். வேட்பாளராக அல்ல, தேர்தல் ஒழுங்காக நடக்க உதவுவதற்கு. உடல்நிலை மோசமானது. ஜூன் 19 அன்று வர்ஜீனியாவில் ஒரு மருத்துவமனையில் இறந்தார், வயது 47. தென்சூடான் தனி நாடானது 2011 ஜூலை 9 அன்று. அதன் முதல் அமைச்சரவையில் அவர் பெயர் இருந்திருக்குமா என்று இப்போது பேசிப் பயனில்லை. துராலேயில் எழும்பிய பள்ளிக்கு அந்த அமைச்சரவை தேவைப்படவில்லை.

மணி அடித்துவிட்டார்கள். எதிரணி நண்பர் அடுத்து எழுந்ததும், வியாவின் சம்பளத்தில் பறந்த அந்தக் கால்பந்து அணிக்கு மட்டும் பதில் சொல்லட்டும். வணக்கம்.