பாசறையில் ஒரு நள்ளிரவு

அவையோருக்கு வணக்கம்.

மேடையில் வீரத்தைப் பேச வந்தவர்கள், வேல் மார்பில் பாயும் இடத்தில் கைதட்டல் வாங்கிக்கொண்டு அடுத்த கதைக்குப் போய்விடுவோம். நானும் அப்படிப் பேசியவன்தான். 'விழுப்புண் படாதநாள் எல்லாம் வழுக்கினுள் வைக்கும்தன் நாளை எடுத்து' என்ற குறளை எத்தனை முறை முழங்கியிருப்பேன்! முகத்திலும் மார்பிலும் புண்படாத நாள்களை எல்லாம் வீண்போன நாள்கள் என்று தள்ளிவிடுகிறானாம் வீரன். சரி, புண்பட்ட நாள் ஒன்று வந்துவிட்டது. கணக்கிலும் ஏறிவிட்டது. அன்று இரவு அவன் எங்கே படுத்தான்? பக்கத்தில் யார் இருந்தார்கள்? காலையில் கழல் கட்டிக்கொண்டு தானாக நடந்து போனவனை மாலையில் நாலு பேர் தூக்கி வருகிறார்கள். அவனிடம் என்ன சொல்ல முடியும்?

பழம்பாடல்கள் இந்த இடத்தில் மேடைப் பேச்சாளர்களைப்போல நழுவுவதில்லை. பதிற்றுப்பத்தில் ஐந்தாம் பத்து, பரணர் செங்குட்டுவனைப் பாடியது. அதன் இரண்டாம் பாட்டில் புண்ணைத் தைக்கிறார்கள். மீனைத் தேடிக் குளிர்ந்த குளத்தில் பாய்ந்து, மூழ்கி, மேலே எழுகிறது சிரல். சிரல் என்றால் மீன்கொத்தி. 'சிரல்பெயர்ந் தன்ன நெடுவெள் ளூசி' என்கிறார் பரணர். நீண்ட வெள்ளை ஊசி சதைக்குள் இறங்குகிறது, மறுபுறம் எழுகிறது, மீண்டும் இறங்குகிறது. தூரத்தில் நின்று பார்த்தவனுக்குத் தழும்புதான் தெரியும். ஊசியின் போக்குவரத்தைப் பார்க்க வேண்டுமானால் புண்ணுக்கு மேலே குனிந்திருக்க வேண்டும். எரிகிற புண்ணுக்குப் 'பனிக்கயம்', குளிர்ந்த குளம், உவமையாக வந்திருப்பதும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இது என் மிகைவாசிப்பாக இருக்கலாம். இருந்தாலும் விடுவதற்கு மனமில்லை.

இன்னொரு பாட்டு, புறநானூறு 281, அரிசில்கிழார் பாடியது. இங்கே வீரன் வீட்டுக்கு வந்துவிட்டான். மனைவி தன் தோழியை அழைக்கிறாள். வீட்டில் இரவமரத் தழையையும் வேப்பந்தழையையும் செருகுவோம், யாழும் பல இசைக்கருவிகளும் ஒலிக்கட்டும், வெண்சிறுகடுகைத் தூவுவோம், ஆம்பற்குழல் ஊதுவோம், மணி அடிப்போம், காஞ்சிப்பண் பாடுவோம், வீடெங்கும் நறும்புகை எழுப்புவோம் என்கிறாள். புண்பட்டவனைப் பேய் தீண்டும் என்று நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கை நமக்கு இல்லை, போகட்டும். அவள் முடிக்கும் இடத்தைப் பாருங்கள்: 'காக்கம் வம்மோ காதலந் தோழீ'. எதைக் காக்க? 'நெடுந்தகை புண்ணே' என்று பாட்டு முடிகிறது. அரசனுக்கு வர இருந்த துன்பத்தைத் தான் தாங்கியவன் அவன். ஆனால் அவள் அவனுடைய புகழைப் பேசவில்லை. புண்ணைக் காப்போம், வா என்கிறாள். அழுவதற்கு நேரம் இருந்ததாகவே தெரியவில்லை, அவ்வளவு வேலை இருக்கிறது வீட்டில்.

வடமொழியிலும் இதற்கு நிகரான ஒரு கணம் உண்டு. வான்மீகியின் யுத்த காண்டத்தில் இந்திரசித்தின் நாகபாசத்தால் கட்டுண்டு இராமனும் இலக்குவனும் மண்ணில் கிடக்கிறார்கள். சுக்கிரீவன் கலங்கி நிற்கிறான். வீடணன் தண்ணீரை எடுத்து மந்திரித்து, அந்தக் கையால் நண்பனின் கண்களைத் துடைத்துவிடுகிறான். அஞ்சியது போதும், போர் என்றால் இப்படித்தான், வெற்றி யாருக்கும் உறுதியில்லை என்று தேற்றுகிறான். பிறகு கிடக்கும் இராமன் முகத்தைக் காட்டி, உயிர் போனவர்களிடம் இந்த ஒளி தங்காது என்கிறான். எனக்கு அந்த ஈரக் கையைவிட இந்தக் கடைசிப் பேச்சு பிடிக்கும். ஒன்றும் ஆகாது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறான்.

இனி நான் பேச வந்த பாட்டுக்கு வருகிறேன். நெடுநல்வாடை. நக்கீரர் பாடியது, 188 அடி. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடியதாகச் சொல்வார்கள், ஆனால் பாட்டுக்குள் அரசன் பெயரே கிடையாது. முதலில் மழையும் குளிரும். பிறகு அரண்மனை, கட்டில், கட்டிலில் அரசி. கணவன் போருக்குப் போயிருக்கிறான். செவிலியர் சுற்றி இருந்து தேற்றுகிறார்கள். 'குறியவும் நெடியவும் உரைபல பயிற்றி' என்கிறது பாட்டு. குட்டிக் கதையும் சொல்கிறார்கள், நீண்ட கதையும் சொல்கிறார்கள். இதோ வந்துவிடுவார் என்கிறார்கள். கேட்கக் கேட்க அவளுக்கு அழுகைதான் கூடுகிறது.

கடைசி இருபது அடிகளில் காட்சி பாசறைக்கு மாறுகிறது. நள்ளிரவு. வாடைக்காற்று வடக்கிலிருந்து அடிக்கிறது, விளக்குகளின் பருத்த சுடர்கள் எல்லாம் தெற்கே சாய்ந்து எரிகின்றன. குதிரைகளுக்குச் சேணம்கூடக் கழற்றப்படவில்லை. சேற்றுத் தெருவில் நின்று மேலே விழும் துளிகளைச் சிலிர்த்து உதறுகின்றன. அரசன் படுக்கவில்லை. வாள்பட்டுக் கிடப்பவர்களைப் பார்க்கப் புறப்பட்டுவிட்டான். நுனியில் வேப்பந்தழை கட்டிய வேலோடு ஒருவன் முன்னால் போய், இவர், இவர் என்று முறையாகக் காட்டிக்கொண்டே வருகிறான். நழுவும் மேலாடையை அரசன் இடப்பக்கம் அணைத்துக்கொள்கிறான். இன்னொரு கை, தோளில் வாளைக் கோத்த ஓர் இளைஞனின் தோள்மேல் இருக்கிறது. மேலே வெண்கொற்றக்குடை தவ்வென்று அசைந்து தூறலை மறைக்கிறது.

அந்த வேப்பந்தழையை வைத்துக்கொண்டு உரையாசிரியர்கள் காலங்காலமாக வாதாடியிருக்கிறார்கள். வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. ஆகவே அரசன் யார் என்பது தெரிந்துவிடுகிறது; காதலைப் பாடும் அகப்பாட்டில் தலைவன் இன்னார் என்று தெரியக் கூடாது, ஆகவே இது அகப்பாட்டு ஆகாது, புறப்பாட்டு என்றார் நச்சினார்க்கினியர். பெரியவர் சொல்லைத் தள்ளவில்லை. ஆனால் சற்று முன் அரிசில்கிழார் பாட்டில் புண்பட்டவன் வீட்டில் செருகியதும் வேம்புதானே? புண்பட்டவர்களின் வரிசைக்குள் நுழையும் வேலின் நுனியில் அதே தழை இருக்கும்போது, எனக்கு அரச இலச்சினைக்கு முன்னால் அந்த வீட்டுக் கூரைதான் நினைவுக்கு வருகிறது.

சரி, அத்தனை பேரையும் பார்த்த அரசன் என்ன சொன்னான்? பாட்டைப் புரட்டிப் பாருங்கள், ஒரு சொல்கூட இல்லை. இருப்பதெல்லாம் 'முகன் அமர்ந்து' என்ற இரண்டு சொற்கள்தாம். முகம் மலர்ந்து, பரிவோடு பார்த்தான், அவ்வளவுதான். அடிபட்டுப் படுத்தவர்களுக்கு இது தெரியும். உள்ளே வருகிறவன் வாயைத் திறப்பதற்கு முன்பே அவன் முகத்தைத்தான் முதலில் படிக்கிறோம், நம் நிலைமை என்ன என்று. நள்ளிரவில் குளிரில் நனைந்து வந்த அரசன் முகம் சுளித்திருந்தால், கிடப்பவன் தன் புண்ணைப் பற்றி முடிவுக்கு வந்திருப்பான். அரண்மனையில் இருப்பவளிடம் அத்தனை பேர் அத்தனை பேச்சுப் பேசியும் துயர் தணியவில்லை. இங்கே பேச்சே இல்லை. அவளுக்கு வேண்டியிருந்த அதே முகம், யார் பெற்ற பிள்ளைகளுக்கோ முன்னால் விளக்கு வெளிச்சத்தில் மலர்ந்து நிற்கிறது. அவளுக்கு இது தெரியாது.

ஆனால் நக்கீரருக்குத் தெரியும். அரண்மனையில் அவளுடைய துயர் தீரக் கொற்றவையிடம் ஒரு வேண்டுதல் எழுகிறது: 'இன்னே முடிகதில் அம்ம', இப்போதே முடியட்டும் தாயே. எது முடியட்டும் என்று அங்கே சொல்லவில்லை. வேல், சுடர், சேறு, குதிரை, குடை எல்லாவற்றையும் கடந்து, பாட்டின் கடைசிச் சொல்லில்தான் எழுவாய் கிடைக்கிறது: 'பாசறைத் தொழிலே'. தூங்காமல், சிலரோடு, புண்பட்டவர்களிடையே திரிகிறானே, அந்தத் தொழில் இப்போதே முடியட்டும் என்பதுதான் வேண்டுதல். அவன் இன்னும் முடிக்கவில்லை. வேல் பிடித்தவன் அடுத்தவரைக் காட்டிக்கொண்டிருக்கிறான்.